சுவிசேஷம் சொல்லப் புறப்படும் முன்: முதன்முறை போகிறவர்களுக்கு

சபையின் வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை மாலை கைப்பிரதி ஊழியத்துக்குப் பேருந்து நிலையம் போனேன். ஆளுக்கு 200 பிரதி. கொடுத்து முடித்து வந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். நின்றவர், நடந்தவர், பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்று எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே போனேன். தூண் ஓரமாகப் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி அதை வாங்கிப் பார்த்தார்கள். தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். “எனக்குப் படிக்கத் தெரியாதேய்யா. இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்கள். “வீட்ல யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க பாட்டி” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். கையில் இன்னும் முப்பது பிரதி மிச்சம் இருந்தது.

அன்று இரவு ஜெபக்கூட்டத்தில் “200” என்று சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். படுத்த பிறகுதான் உறைத்தது: அதில் என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆள் அந்தப் பாட்டி. அவர்களுக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை.

எப்படிக் கொடுப்பது, எங்கே நிற்பது, என்ன பேசுவது எல்லாம் எனக்குப் பழக்கியிருந்தார்கள். எதற்காகப் போகிறேன் என்பது மட்டும் எனக்குள் இறங்கியிருக்கவில்லை. சுவிசேஷ ஊழியத்துக்கோ மிஷனெரிப் பணிக்கோ முதல் அடி எடுத்துவைக்கும் உங்களுக்கு அந்த “எதற்காக” முதலில் தெளிவாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். முறைகளும் இதில் உண்டு, ஆனால் அவை பின்னால்தான் வரும்.

முதல் படி: ஒரு வரி எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதுங்கள்: இயேசுவைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல நான் ஏன் விரும்புகிறேன்? கீழே உண்மையான பதிலை எழுதுங்கள். வேத வசனம் எழுத வேண்டாம். யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களிடம் இதைச் செய்யச் சொல்லும்போது, பிறகு பேச்சுவாக்கில் வெளிவரும் பதில்கள் பலவகை. சபைப் போதகரான ஐயர் சொன்னார். ஐக்கியத்தில் எல்லாரும் போகிறார்கள். சொல்லாவிட்டால் கடைசி நாளில் என்னிடம் கணக்குக் கேட்பார். என்னைக் குடியிலிருந்து மீட்டார், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தால் மனது கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

இரண்டாம் படி: நான்கு வாரம், ஒரே கேள்வி

இந்த நான்கு வாரமும் காலையில் அரைமணி நேரம் வேதத்தை ஒரே கேள்வியோடு வாசியுங்கள்: இங்கே போகிறவரைப் போக வைப்பது எது?

முதல் வாரம் ஆதியாகமம் 12, சங்கீதம் 67, யோனாவின் நான்கு அதிகாரங்கள். மிஷனெரிப் பணி மத்தேயு 28-இல்தான் தொடங்குகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். “பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்” என்று ஆபிராமிடம் தேவன் சொன்னபோது அவருக்கு வயது 75, கையில் ஒரு பிள்ளை கிடையாது. அப்போதே தேவனுடைய கண் எல்லாக் குடும்பங்கள் மேலும் இருந்தது. நாம் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கவில்லை. வெகுகாலமாக அவர் செய்துவரும் வேலையில் போய்ச் சேருகிறோம். இது புரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

யோனாவில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். நோக்கத்தைப் பற்றி வேதத்தில் இதைவிடக் கூர்மையான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. முதலில் ஓடிப்போன யோனா இரண்டாம் முறை கீழ்ப்படிந்தான், நினிவேக்குப் போனான், பிரசங்கித்தான். ராஜா முதல் ஊரே மனந்திரும்பியது. அறிக்கை எழுதினால் அதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது. ஆனால் யோனா கோபத்தோடு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். கால் போயிருந்தது, மனது போகவில்லை. கடைசியில் தேவன் ஒரு கேள்வி கேட்கிறார்: வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற இந்த நகரத்துக்காக நான் பரிதபிக்க மாட்டேனா? அந்த ஊரின் மிருகஜீவன்களையும் சேர்த்துச் சொல்கிறார். யோனாவின் பதில் எழுதப்படவில்லை. அதை உங்கள் நோட்டில் நீங்கள் எழுதுங்கள்.

இரண்டாம் வாரம் மத்தேயு 9:35-38, மாற்கு 5:1-20, யோவான் 4. மத்தேயுவில் இயேசு திரளான ஜனங்களைக் கண்டு “மனதுருகி” என்று வாசிக்கிறோம். மூலமொழியான கிரேக்கத்தில் அந்தச் சொல் குடலிலிருந்து பிறந்தது. நம் ஊரில் ஒரு தாய் “பெத்த வயிறு பதறுதே” என்பாளே, கிட்டத்தட்ட அது. “அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்” என்ற வசனத்தை மட்டும் தனியாக எடுத்து மிஷனெரிப் பண்டிகைப் பதாகையில் போட்டுவிடுகிறோம். அதற்கு முந்தின வசனத்தில் அவருடைய வயிறு பதறியதை விட்டுவிட்டு அறுப்பைப் பற்றிப் பேசினால், மனிதர்கள் வெறும் விளைச்சலாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தப் பதற்றம் ஒருவரை என்ன செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஐடா ஸ்கடர் மிஷனெரிக் குடும்பத்துப் பெண். ஆனால் மிஷனெரியாகக் கூடாது என்ற முடிவோடு இருந்தவர். 1890-களில் உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர், தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடா மருத்துவர் இல்லை. மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்பலாம் என்றால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஐடா அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்று வந்தார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மூன்று பிணம் போவதைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்றாம் வாரம் மத்தேயு 28:16-20, அப்போஸ்தலர் 1, 8, 13, 16, 17. “நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி” என்ற கட்டளை எல்லாருக்கும் மனப்பாடம். அதன் முதல் சொல் “ஆகையால்” என்பதைக் கவனியுங்கள். எதனால்? “வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது” என்று அவர் சொன்னதால். கட்டளைக்குப் பின்னால் “சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்” என்ற வாக்குத்தத்தம். முன்னால் அதிகாரம், பின்னால் துணை, நடுவில் கட்டளை. நடுவில் இருப்பதை மட்டும் உருவி எடுத்துத் தலையில் ஏற்றினால் அது சுமை. இன்னொன்று: 17-ஆம் வசனத்தில் அவரைப் பணிந்துகொண்டவர்களுக்குள்ளே சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று இருக்கிறது. அந்தச் சிலரை ஒதுக்கிவிட்டு மீதிப் பேரை அனுப்பியதாக எழுதவில்லை. “எனக்கு விசுவாசம் போதாது” என்று தயங்குகிறவர்கள் இந்த வசனத்தைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரம் ரோமர் 1:14-16, ரோமர் 10, 1 கொரிந்தியர் 9, 2 கொரிந்தியர் 5, வெளிப்படுத்தல் 7:9-12. கிரேக்கருக்கும் மற்றவர்களுக்கும் “நான் கடனாளியாயிருக்கிறேன்” என்கிறார் பவுல். அவர்களிடம் அவர் எப்போது கடன் வாங்கினார்? துபாயில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் தன் அம்மாவுக்கு மருந்து வாங்கி நம்மிடம் கொடுத்துவிட்டால், கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை நாம் அந்த அம்மாவுக்குக் கடன்பட்டவர்கள். நமக்குத் தந்தவர் அவர்களுக்கும் சேர்த்தே தந்திருக்கிறார் என்பதுதான் அந்தக் கடன்.

2 கொரிந்தியர் 5-ஐ மூன்று நாளாவது வாசியுங்கள். நியாயாசனமும் கர்த்தருக்குப் பயப்படும் பயமும் அதில் வருகின்றன. நித்தியம் விளையாட்டு இல்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பயம் சொல்லுகிறவன் மேல் இருக்க வேண்டும், கேட்கிறவர் முகத்தில் வீசுவதற்கு இல்லை. முதல் சந்திப்பிலேயே நரகத்தைக் காட்டிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பவுலைத் தள்ளிக்கொண்டு போனது எது என்பதை அவரே சொல்கிறார்: “கிறிஸ்துவினுடைய அன்பு எங்களை நெருக்கி ஏவுகிறது.” தாமிரபரணியில் மழைக்காலத்தில் இறங்கியவர்களுக்கு இந்த “நெருக்கி” என்பது விளங்கும். நாம் நடப்பதாக நினைப்போம், தண்ணீர் நடத்திக்கொண்டு போகும். அவர் நம்மில் வைத்த அன்பு அந்த வெள்ளம். அதில் இறங்காமல் கரையில் நின்றுகொண்டு ஊழியம் செய்தால் ஆறு மாதத்தில் களைத்துவிடுவோம்.

மூன்றாம் படி: களையெடுப்பு

இப்போது முதல் பக்கத்தைத் திறந்து, எழுதிய வரியைத் திரும்ப வாசியுங்கள். அதோடு சேர்த்துச் சில கேள்விகள்.

இன்று எத்தனை பேர் என்று சொல்வதில் எனக்கு ருசி வந்துவிட்டதா? அனுப்பப்பட்ட எழுபது பேர் பிசாசுகளும் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது, அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று இயேசு சொன்னார் (லூக்கா 10). நான் 200 என்று சொன்ன இரவில் எனக்குத் தேவைப்பட்ட வசனம் இது.

எதிரில் இருப்பவரைவிட நான் மேலானவன் என்ற எண்ணம் இருக்கிறதா? ஒருவனைத் தங்கள் மார்க்கத்தில் சேர்க்கச் சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித் திரிந்த பரிசேயரை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு 23:15-இல் பாருங்கள். அலைச்சலிலும் வைராக்கியத்திலும் அவர்கள் குறை வைக்கவில்லை. ஆனாலும் அவர் அதை மெச்சவில்லை.

பேரும் பணமும் மேடையும் அடுத்தது. சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன், கைவைத்துப் பரிசுத்த ஆவியைத் தரும் வல்லமையைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான்.

இதைப் படித்துவிட்டு, என் மனது முழுக்கச் சுத்தமாகட்டும், அப்புறம் போகிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பொறாமையினாலும் விரோதத்தினாலும் பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தும், எப்படியாயினும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று பவுல் சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1). களையும் பயிரும் கலந்துதான் இருக்கும். கண்டதைப் பிடுங்கிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

நான்காம் படி: உன் வீட்டுக்குப் போ

மாற்கு 5-இல் பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்தவன் தெளிந்தபின் இயேசுவோடு படகில் வருகிறேன் என்று கெஞ்சினான். அவரோ “நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய்” கர்த்தர் செய்தவைகளை அறிவி என்று அனுப்பிவிட்டார். புதியவர்களுக்கு இதுதான் முதல் ஊழியக் களம். வட இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று துடிக்கிற தம்பிகள், சொந்தத் தாய்மாமாவோடு மூன்று வருடமாகப் பேசுவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். தினம் பார்க்கிற ஆட்களாக இருக்கட்டும்: டீக்கடை அண்ணன், கூட வேலை பார்ப்பவர், மாடி வீட்டு அத்தை. ஒரு மாதம் அவர்களுக்காக ஜெபம் மட்டும். “இவர்களை இரட்சியும்” என்று ஒரே வரியில் முடிக்காமல், அவர்களுடைய மூட்டுவலி, மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, கடைக்கு வாங்கிய கடன் எல்லாவற்றையும் ஜெபத்தில் சொல்லுங்கள். அதற்கு முதலில் அதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அப்படியென்றால் விசாரித்திருக்க வேண்டும். இந்தப் படி வேலை செய்வதே அப்படித்தான்.

வீட்டுக்குள் இன்னும் நிதானம் வேண்டும். மனைவியின் நடக்கையே கணவனைப் “போதனையின்றி” ஆதாயப்படுத்தும் என்கிறார் பேதுரு. அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்காமல் அம்மாவுக்குச் சுவிசேஷம் சொன்னால் ஏறாது.

ஐந்தாம் படி: சபைத் தமிழைக் கழற்றிவையுங்கள்

உங்கள் சாட்சியை மூன்று நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். முதல்முறை எழுதும்போது எல்லாருக்கும் இப்படித்தான் வரும்: “நான் பாவச் சேற்றில் கிடந்தேன், கர்த்தர் கிருபையாய் என்னைத் தூக்கியெடுத்து இரட்சித்தார்.” இது பொய் இல்லை. ஆனால் சபைக்குள் வளராத ஒருவருக்கு இதில் ஒரு காட்சியும் தெரியாது. ஒரு அண்ணன் இதையே திருத்தி எழுதிக் கொண்டுவந்தார்: “அப்பா இறந்த பிறகு எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சென்ட் இடத்துக்காகச் சண்டை. நாலு வருஷம் பேசவில்லை. ராத்திரி தூக்கம் வராது. ஒருநாள் இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையை வாசித்தேன். வீட்டுக்குள் வராமல் வாசலில் கோபமாக நின்ற மூத்த மகன் நான்தான் என்று தெரிந்தது. அழுதேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன்.” கேட்டவர்கள் அடுத்த கேள்வியைத் தாங்களாகவே கேட்டார்கள்: “தம்பி என்ன சொன்னார்?”

சொற்களையும் பாருங்கள். நம் வேதாகமத்தில் “சகல ஜாதிகளும்” என்றால் எல்லா நாட்டாரும் இனத்தாரும் என்று பொருள்; வெளியில் கேட்கிறவர் காதில் அது சாதி என்று விழும். “பாவி” என்பது தெருவில் வசைச்சொல். “இரட்சிக்கப்பட்டீர்களா?” என்று கேட்டால் என்ன கேட்கிறோம் என்றே விளங்காது. கிருபையைத் தகுதி பார்க்காமல் காட்டின இரக்கம் என்று சொல்லலாம், மனந்திரும்புதலைத் திரும்பி வருதல் என்று சொல்லலாம். உங்கள் சாட்சியைச் சபைக்கு வராத நண்பர் ஒருவரிடம் வாசித்துக்காட்டி, புரியாத சொல்லை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஆறாம் படி: போய் உட்காருங்கள்

1706 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வரச்செய்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்கள். இரண்டு வருடத்துக்குள் சீகன்பால்க் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இந்த மக்கள் எதை நேசிக்கிறார்கள், எதை நம்பி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. நான்கு வருடம் கழித்து, 36 வயதில் இறந்துபோனார். சொல்ல வந்தவர் முதலில் மாணவனாக உட்கார்ந்தார் என்பது எனக்கு அவருடைய அச்சகத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேற்கத்திய மிஷனெரிகளைப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள்.

ஆகவே முதல் சந்திப்பில் பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். அவர்களே கேட்டால் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” சொல்லுங்கள் (1 பேதுரு 3:15). போதும் என்று முகம் காட்டினால் நிறுத்திவிடுங்கள். அவர்கள் வணங்குவதைப் பழித்து ஒரு வார்த்தை வேண்டாம். எபேசுவில் அவ்வளவு கலகம் நடந்தபோதும் பவுலின் தோழர்களைப் பற்றி அந்த ஊர் அதிகாரியே, இவர்கள் “உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல” என்று சாட்சி சொன்னார். அத்தேனே பட்டணத்தில் பவுல் அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டினார். நம்மைப் பற்றியும் ஊர் அப்படிச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: தாண்டக் கூடாத கோடுகள்

இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அந்த உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் தொடங்கி, பல மாநிலங்களில் கட்டாயத்தாலோ ஆசை காட்டியோ நடக்கும் மதமாற்றத்துக்கு எதிரான சட்டங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த சட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. வெளி மாநிலத்துக்கு ஊழியப் பயணம் போகிறவர்கள் அந்த மாநிலச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

சட்டம் இல்லாத இடத்திலும் நமக்குக் கோடு உண்டு. அரிசி மூட்டையைக் கொடுத்த கையோடு “ஞாயிற்றுக்கிழமை வாங்க” என்று சொல்லக் கூடாது. பசிக்குக் கொடுத்தால் பசிக்காகவே கொடுக்க வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசக் கூடாது. மருத்துவமனையில் எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரிடம், அவர் கேட்காமல் பிரசங்கம் செய்யக் கூடாது. சுகம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. யாரையும் அவர் அனுமதி இல்லாமல் படமெடுத்துப் போடக் கூடாது. அன்பு நெருக்கி ஏவியவன் இன்னொருவரை நெருக்க மாட்டான்.

எட்டாம் படி: தனியாகப் போகாதீர்கள்

அந்தியோகியாவில் சபை உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்துத்தான் பர்னபாவையும் பவுலையும் அனுப்பியது. உங்கள் ஐயரிடமோ உபதேசியாரிடமோ போய், எனக்கு இப்படி ஒரு பாரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இருவராகப் போங்கள். சொன்ன வார்த்தையைவிடச் சொன்ன விதத்தைப் பற்றிக் கூட வந்தவரிடம் பிறகு கேளுங்கள்.

எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, ஆனால் அனுப்புவதில் எல்லாருக்கும் பங்குண்டு. 1902-இல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிப் பணி நடத்துவதைப் பார்த்தார். அது அவரைக் குத்தியது. மறு வருடம் 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குத் திருநெல்வேலித் தமிழரை அனுப்பியது. பிறகு அசரியாவே 1909-இல் அங்கே போனார், தெலுங்கு கற்றார், 1912-இல் அங்கே பேராயரானார். அனுப்பியவர்கள் பெரும்பாலும் பனையேறிகள், சிறு விவசாயிகள். மிசோரம் சபைகளில் 1910 முதல் இன்றுவரை, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாக எடுத்துவைக்கிறார்கள். நம் தாய்மார் பலரும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை அறிந்தவர்களே. உங்கள் வீட்டில் ஒரு டப்பாவை எடுத்து வையுங்கள். தினமும் அதில் கை போகும்போது ஒரு மிஷனெரியின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

ஒன்பதாம் படி: பலன் தாமதித்தால்

1793-இல் வங்காளத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி, முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் கடைசியில். ஏழு வருடம். அந்த இடைவெளியில் ஒரு மகனையும் புதைத்தார். எண்ணிக்கைதான் அவரை ஓட்டியிருந்தால் இரண்டாம் வருடமே கப்பல் ஏறியிருப்பார். “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்ற வசனத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் மாதத்துக்கு ஒருமுறை முதல் பக்கத்துக் கேள்விக்குப் புதிதாகப் பதில் எழுதுங்கள்.

நான் அந்தப் பூக்காரப் பாட்டியைத் தேடிப் போக ஒரு மாதம் ஆனது. அதே தூண். இந்த முறை கையில் பிரதி எதுவும் இல்லை. பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடை மேல் உட்காரச் சொன்னார்கள். அன்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர்களுக்கு அது ஞாபகமே இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான், வந்து ஆறு வருஷமாச்சு என்று பேச ஆரம்பித்தார்கள். குடி என்றார்கள். ஒரு கூடை மல்லிகை தீரும்வரை பேசினார்கள். பிறகு அவர்களே, “நீ என்னமோ சொல்ல வந்தியே” என்றார்கள். மாற்கு 5-ஐ மெதுவாக வாசித்துக் காட்டினேன், கடினமான சொல் வரும்போது நிறுத்திச் சொல்லிச் சொல்லி. விரல் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே இருந்தது.

“அவன் வீட்டுக்குப் போனானாய்யா?” என்று கேட்டார்கள்.

“போனான் பாட்டி.”

“அவன் ஆத்தா இருந்தாளா?”

“அது எழுதியிருக்கல பாட்டி.”

“இருந்திருப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பூவை எடுத்தார்கள்.